துண்டுக்குள்ள பேசுன இன்சூரன்ஸ்

பல்லப் பாருங்க, மடியப் பாருங்க, சுழியப் பாருங்க. என்ற மூஞ்சிய எதுக்குங்க அப்படிப் பாக்கறீங்க? விக்கறது என்னையில்லீங்க, மாட்டங்க.

தெரியுமுங்க. உங்க மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? இத்தன லட்சணமான மயிலை மாட்ட இந்தாளு எதுக்கு விக்கறான், உள்ளுக்குள்ள என்ன கோளாறோன்னு பாக்கறீங்க. தப்பில்லீங்க. நானா இருந்தாலும் அதத்தான் பாப்பேன். காங்கயத்துச் சுத்து வட்டாரத்துல தரகன் சென்னியப்பன்னு கேட்டுப் பாருங்க. முப்பது வருசமா இந்தச் சந்தையில மாடு தள்ளி விடறவன். தரகன் சொந்த மாட்ட விக்க வந்து நின்னா எவனுக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப் போடுங்க. உங்கள அந்தச் செவப்புச் சட்டக்காரன் அனுப்பலையில்லீங்க? அதா, டீக்கடைக்கிட்ட நின்னு போன நோண்டீட்டு இருக்கானே, அவன்தான். காத்தால வந்து வெல கேட்டான், மூஞ்சியச் சுளிச்சுட்டுப் போனான். இப்ப ஆள் விட்டுப் பாக்கறானோன்னு ஒரு இது. இல்லீங்களா? செரி, நம்பறேன். நம்பலாமில்லீங்க?

வெல எழுவதாயரமுங்க. பாத்தீங்களா, வாயத் தொறந்து வெளியவே சொல்லிட்டேன். துண்டு வேண்டாமுங்க. துண்டு உங்க தோள்லயே கெடக்கட்டும். துண்டுக்குள்ள கைய விட்டு வெல பேசுன காலம் எனக்குப் போதும்னு ஆயிருச்சு. ஏன்னு கேக்கறீங்களா? எல்லாம் ஒரு மோட்டார் சைக்கிள் இன்சூரன்சால வந்த வெனைங்க.

சிரிக்காதீங்க. மாட்டுக்கும் இன்சூரன்சுக்கும் என்ன சம்பந்தம்னு நெனைக்கறீங்க. இப்படி நெழல்ல வாங்க, சொல்றேன்.

எங்கிட்ட ஒரு பழைய வண்டி இருந்துச்சுங்க. இருந்துச்சுன்னா, இன்னமும் இருக்குது, போலீஸ் ஸ்டேசன் வேப்ப மரத்தடியில நின்னு துரு ஏறீட்டு இருக்குது. அதுக்கு ரெண்டு வருசமா இன்சூரன்ஸ் இல்லாமத்தான் ஓட்டுனேன். சந்தைக்குப் போறவனுக்கு எதுக்குங்க இன்சூரன்சு? மாட்டு வண்டியில போன எங்கப்பன் இன்சூரன்சா கட்டுனாரு? ஆனா ரவுண்டானாவுல கேமரா வெச்சப்பறம் என்ற ஊட்டுக்காரி பாவாத்தா புடிச்ச புடியா நின்னுக்கிட்டா. "இன்சூரன்ஸ் போடாம இனி வண்டியத் தொடக் கூடாதுங்க"ன்னு சொல்லி, சாவியக் கொண்டு போய் அரிசிக் குடுவைக்குள்ள போட்டுட்டா. நான் தேடித் தேடி அலுத்துப் போயிட்டேன்.

எனக்கு மொதச் சந்தேகம் அங்கதான் வந்துச்சு. இவளுக்கு எதுக்குத் திடீர்னு இத்தன அக்கறை? கேட்டா, "லோகு சொன்னானுங்க"ங்கறா. லோகுன்னா லோகநாதன், அவ தம்பி, என்ற மச்சினன். பெருந்துறையில ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர் பாக்கறவன். அவன் போன் போட்டு, "மாமா, வண்டி நம்பர் மட்டும் சொல்லுங்க, நான் இங்கிருந்தே போன்ல போட்டுடறேன். எண்ணூத்தி நாப்பத்திமூணு ரூவா. அது அரசாங்கம் வெச்ச ரேட்டு, எங்க போனாலும் அதேதான்"னான்.

எங்க போனாலும் அதேவா? ஏனுங்க, நீங்களும் நாலு சந்தை பாத்தவருதான். எங்க போனாலும் அதே வெலைக்கு எதையாச்சும் வாங்கியிருக்கீங்களா? காத்தால ஒரு வெல, பொழுதோட ஒரு வெல. வெள்ளச் சட்டைக்கு ஒரு வெல, அழுக்குச் சட்டைக்கு ஒரு வெல. மச்சினன்னு நம்பிக் கட்டீர முடியுமுங்களா? தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறைங்க. இவனுக்கு அதுல எத்தன தரகோ, யாரு கண்டா? அக்காகாரிய உட்டுச் சாவிய ஒளிக்கச் சொன்னதே இவன்தானோன்னு கூட எனக்கு ஒரு ஓசன. "நானே பாத்துக்கறேன் மாப்ள"ன்னு போன வெச்சுட்டேன்.

அப்பறம் காங்கயத்துல ஒரு மாடியில இன்சூரன்ஸ் ஆபீஸ் இருக்குதுன்னாங்க. போனனுங்க. உள்ள ஏ.சி. சில்லுனு. ஒரு சின்னப் பொண்ணு ஒக்காந்திருந்துச்சு, மல்லியப் பூ வெச்சு, நல்ல மொகம். வண்டி நம்பரத் தட்டுச்சு. தட்டிட்டு எண்ணூத்தி நாப்பத்திமூணுங்குது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அந்த மூணு ரூவா கூட மாறலைங்க! மச்சினன் பெருந்துறையில ஒக்காந்து சொன்ன அதே மூணு ரூவா!

"ஏனுங்க அம்முணி, இது கடைசி வெலையா?"ன்னேன்.

"ஐயா, இதுல கடைசி வெல, மொத வெலன்னு எதுவும் இல்லீங்க. இந்தாங்க, நீங்களே பாருங்க"ன்னு சொல்லி அந்தக் கம்ப்யூட்டரையே என்ற பக்கம் திருப்பி வெச்சுருச்சு. கேக்காமயே திருப்புதுங்க! மாட்டுக்காரன் நாம கேக்காமயே வாயப் பொளந்து பல்லக் காட்டறான்னா என்ன அர்த்தம்? குளம்புல எங்கியோ நோவு இருக்குதுன்னு அர்த்தம்.

நானும் விடலைங்க. "செரி, நாளைக்கு என்ற வண்டிக்கு ஒண்ணாச்சுன்னா எனக்கு எத்தன வரும்?"னு கேட்டேன்.

"உங்க வண்டிக்கு வராதுங்கய்யா. இது தேர்டு பார்ட்டி. உங்க வண்டி யாரு மேலயாவது மோதீட்டா அவங்களுக்குக் குடுக்கறது."

"ஆருக்கு?"

"ரோட்டுல போற யாரா இருந்தாலும்."

கேட்டீங்களா நாயத்த? தீனி போடறது நான், பால் கறந்துக்கறது ரோட்டுல போறவனா? மொகம் தெரியாத எவனுக்கோ நான் எதுக்குங்க கட்டணும்? அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் எறக்கிப் பேசலாம்னாலும் பொம்பளப் புள்ளைகிட்டத் துண்ட நீட்ட முடியுமுங்களா? அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. ஆம்பளைய ஒக்கார வெச்சா நாம வெல பேசிருவோம்னுதான் கம்பெனிக்காரன் பொண்ணா பாத்து ஒக்கார வெச்சிருக்கான். எத்தன கெட்டிக்காரத்தனம் பாருங்க. ஓசிச்சுட்டு வர்றேன்னு எறங்கி வந்துட்டேன்.

அப்பறம் ஆர்.டி.ஓ ஆபீசு எதுக்கால, புளிய மரத்தடியில, பெரிய கொடை ஒண்ணு நட்டு ஒரு பெரியவரு ஒக்காந்திருந்தாரு. இன்சூரன்ஸ், பேரு மாத்தறது, எல்லாம் பாப்பாராம். இவரு நம்மள மாதிரி வெயில்ல பொழைக்கற ஆளாச்சே, இவருகிட்டப் பேசலாம்னு போனேன். அவரும் வாயத் தொறந்து அதே எண்ணூத்தி நாப்பத்திமூணுங்கறாரு. நான் தோள்ல கெடந்த துண்ட எடுத்து அவரு கை மேல போட்டேன். மனுசன் பயந்து கைய இழுத்துக்கிட்டாருங்க.

"பயப்படாதீங்க. இது எங்க சந்தை வழக்கம். துண்டுக்குள்ள கைய விடுங்க. நான் ஒரு வெரலப் புடிச்சா நூறு, ரெண்டு வெரலப் புடிச்சா எரநூறு. ஒங்களுக்கும் எனக்கும் தவுத்து அக்கம் பக்கத்துல ஒருத்தனுக்கும் தெரியாது. ஒங்க நெசமான வெலைய உள்ள சொல்லுங்க"ன்னேன்.

"யோவ், உள்ள வேற வெல, வெளிய வேற வெலையெல்லாம் இல்லய்யா. இதுதான் மொதலு, இதுதான் கடைசி. வேணும்னா போடு, வேண்டாம்னா வெயில மறைக்காம அக்கட்டால போ"ன்னுட்டாரு.

கோவத்தப் பாத்தீங்களா? மடியில கனம் இருந்தாத்தானுங்க வழியில பயம்? பக்கத்துலயே ஒரு பிரவுசிங் சென்டரு, அங்கயும் ஏறி எறங்குனேன். அங்கயும் அதேதான். நாலு பேருங்க. நாலு பேரும் ஒரே வெல. ஒருத்தனுக்கு ஒருத்தன் பழக்கம் இல்லாத மாதிரி வேற நடிக்கறானுக. சந்தையில நாலு தரகன் ஒரு மாட்டுக்கு ஒரே வெல சொன்னா அதுக்குப் பேரு என்னங்க? நீங்களே சொல்லுங்க. கூட்டு! கூட்டுக் களவாணிக! தனித்தனியா வந்து ஒரே வெல கேட்டு ஏமாந்த குடியானவன் தலையில கல்லப் போடறது. அதப் பண்ணாத தரகன் இந்தச் சந்தையில இருக்கானுங்களா? நானே... செரி, அத விடுங்க, அது வேற கதை.

சாவி அரிசிக்குள்ளயே கெடந்துச்சு. நான் சந்தைக்கு டவுன் பஸ்ல வந்து போயிட்டிருந்தேன்.

அப்பத்தாங்க அவன் வந்தான். இதே எடம், இந்தச் சந்தை வாசல்லதான். டக்கின் பண்ணி, தோள்ல ஒரு பை, பைக்குள்ள கைப்பிடி அளவுல ஒரு பிரிண்ட் மிசினு. பேரு கார்த்தின்னான். அது அவன் பேருதானான்னு அந்தச் சிவன்மலை முருகனுக்குத்தான் வெளிச்சம். இன்சூரன்ஸ் போடலீங்களான்னு கேட்டான். எத்தனைன்னேன். ஆயரத்தி ஐநூறுன்னான்.

எனக்கு மனசு குளுந்து போச்சுங்க. ஏன்னு கேளுங்க. நாலு பேரும் சொன்ன வெலைக்கு மேல சொல்றான்ல? அப்ப எறக்கறதுக்கு எடம் வெச்சுப் பேசறான்னு அர்த்தம். அப்படித்தானுங்க நெசமான யாவாரி பேசுவான். நான் துண்ட எடுத்தேன். அவன் சிரிச்சுக்கிட்டே, "போடுங்க தரகரே"ன்னு கைய நீட்டுனான் பாருங்க! சொல்லிக் குடுக்கவே இல்லைங்க. நம்ம சந்தையில நாலு வாரம் நின்னு பாத்துக் கத்துக்கிட்டானாம். எனக்கு அவன் மேல அப்பவே ஒரு பாசம் வந்துருச்சு. இந்தக் காலத்துல எந்தப் பையன் இதெல்லாம் கத்துக்கறான்?

உள்ள நான் மூணு வெரலப் புடிச்சேன். அவன் கைய ஒதறுனான். என்ற வெரலப் புடிச்சு எட்டு காட்டுனான். நான் கைய இழுத்துக்கிட்டு நாலு தப்படி நடந்தேன். கூப்பிட்டான். திரும்ப வந்தேன். "கட்டாதுங்க தரகரே, புள்ளைகுட்டிக்காரன்"னான். நானும் விடலை. கடைசியா நாலு வெரலு, அப்பறம் அஞ்சாவது வெரல்ல பாதி. நானூத்தம்பது! அந்த நாலு களவாணிகளும் சொன்னதுல ஏறக்கொறையப் பாதி. நின்ன எடத்துலயே பேப்பர் வந்துருச்சு. கலரு கலரா, முத்திர, கம்பெனி படம் எல்லாம். வண்டிய அவன் பாக்கக் கூட இல்லீங்க. வண்டி ஊட்ல நிக்குது, நம்பரச் சொன்னேன், எழுதிக்கிட்டான். என்ற வார்த்தை மேல அவனுக்கு அத்தன நம்பிக்கை.

ஊட்டுக்குப் போயி பாவாத்தா முன்னால அந்தப் பேப்பர வீசுனேன். "பாரு, உன்ற தம்பிய நம்பியிருந்தா எத்தன போயிருக்கும்?"னேன். அவ திருப்பித் திருப்பிப் பாத்தா. "இத்தன கம்மியா இருக்குதுங்களே. லோகுகிட்ட ஒருக்கா காட்டலாங்களா?"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "காட்டுனா அவன் வயிறெரிஞ்சு எதையாச்சும் சொல்லுவான். அரிசியில இருக்கற சாவிய எடு"ன்னேன். எடுத்துக் குடுத்தா. மூஞ்சி மட்டும் செரியில்ல.

அப்பறம் ஒரு பத்து நாளு ராசா மாதிரி போனனுங்க. கேமராவப் பாத்துச் சிரிச்சுட்டே போவேன்.

தை மாசம் பொங்கல் நோம்பி முடிஞ்ச வாரம். சந்தை முடிஞ்சு பொழுதோட வர்றேன். தேங்கா நார் மில்லு தாண்டி ஒரு வளைவு வருமுங்க, அங்க எதுத்தாப்பல லாரிக்காரன் லைட்ட முழுசாப் போட்டுட்டு வந்தான். கண்ணு கூசிப் போச்சு. ஓரமா ஒதுக்குனேன். ஓரத்துல ஒரு அம்மா நடந்து போயிட்டிருந்துச்சு. அம்புட்டுத்தானுங்க. பாத்திரம் உருளற சத்தந்தான் மொதல்ல கேட்டுச்சு. தூக்குப்போசி ரோட்டுல உருண்டு போகுது, நான் அதையே பாத்துட்டு நிக்கறேன், ஆளப் பாக்கத் தெம்பில்ல.

மாராத்தான்னு பேரு. மில்லுல நார் உலத்தற வேல. காலு முட்டிக்குக் கீழ மடங்கிக் கெடந்துச்சு. ஒரு சத்தம் போடலைங்க அந்தம்மா. மினி டோர் வேன நிப்பாட்டி நானே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வேனுக்குள்ள என்ன பேசறதுன்னே தெரியாம, எங்கூட்டு மாட்டப் பத்திப் பேசீட்டு வந்தேன். இந்த மாடுதானுங்க. அப்ப செனையா இருந்துச்சு. "கண்ணு எப்பங்க போடும்?"னு அந்த வலியிலயும் கேக்குது. மாசி கடைசியிலன்னேன். ஆளக் கொன்னிருந்தாக் கூட எனக்கு அப்படி இருந்திருக்காதுங்க.

அந்தம்மா ஊட்டுக்காரரு ரங்கசாமி, லாரிக்கு நார்க்கட்டு ஏத்தறவரு. ஓடி வந்தாரு. என்னைய அடிப்பாருன்னு நெனச்சேன், அடிக்கட்டும்னு நின்னேன். அவரு சொவத்துல சாஞ்சு ஒக்காந்து, "எந்திரிக்க ஆறு மாசம் ஆகும்ங்கறாங்களே, வாரச் சம்பளத்துல பொழைக்கறோமே"ன்னாரு. அப்பத்தான் நான் அவரு கையப் புடிச்சு வாக்குக் குடுத்தேன். "ஒண்ணும் வெசனப்படாதீங்க. என்ற வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குது. அந்தம்மா எந்திரிச்சு வேலைக்குப் போற வரைக்கும் உண்டான பணம் வரும். என்ற பொறுப்பு."

தரகன் வாக்குன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமுங்க. இந்தச் சந்தையில இத்தன மாடு கை மாறுது, எதுக்காச்சும் எழுத்து உண்டுங்களா? கையப் புடிச்சா முடிஞ்சுது.

மக்யா நாளு விடிஞ்சதும் ஸ்டேசன்ல பேப்பரக் குடுத்தேன். அங்க எழுதறவரு கம்ப்யூட்டர்ல தட்டுனாரு. திரும்பத் தட்டுனாரு. என்னையப் பாத்தாரு. "ஏன்யா, இப்படி ஒரு பாலிசியே கெடையாதே. எங்க வாங்குன?"ன்னாரு. சந்தை வாசல்லன்னேன். பக்கத்து டேபிள்காரங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சாருங்க. நான் நேரா சந்தைக்கு ஓடியாந்தேன். கார்த்தியும் இல்ல, மிசினும் இல்ல, போன் பண்ணுனா அப்படி ஒரு நம்பரே இல்லைங்குது.

லோகநாதன் வந்தான். "மாமா, அன்னிக்கே சொன்னேனே, அது எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு, அரசாங்கமே வெச்சதுன்னு. கொறச்சுக் குடுக்கறேன்னு எவன் சொன்னாலும் அவன் போலின்னு அர்த்தம்"னான். இப்ப விளக்கம் சொல்றான். நான் ஒண்ணு கேக்கறேன், நீங்களே நாயம் சொல்லுங்க. தப்பு ஆரு மேல? நாலு பேரும் நாலு வெல சொல்லியிருந்தா, அதுல கம்மியா இருக்கறதப் பாத்து நான் வாங்கியிருப்பேனா, மாட்டேனா? ஒரே வெலைய வெச்சா எந்தக் குடியானவன் நம்புவான்? வெல வெச்சவனுக்குச் சந்தை தெரியுமுங்களா? இன்னிக்கும் எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. அந்த நாலு பேரும் சேந்துதான் அந்தப் பையன வெரட்டியிருப்பானுக. கம்ப்யூட்டர்ல இருந்தத அழிச்சிருப்பானுக. யாவாரம் கெட்டுப் போச்சுன்னு. இத பாவாத்தாகிட்டச் சொன்னேன். அவ எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா.

செரி, அத விடுங்க. இப்ப நெசமான கதைக்கு வர்றேன்.

ரங்கசாமிகிட்டப் போய்ச் சொல்லணுமில்லீங்க? இன்சூரன்ஸ் இல்லன்னு. போனேன். வாசல்ல என்னையப் பாத்ததும் கயித்துக் கட்டிலப் போட்டு, மோர் குடுத்தாங்க. காலு ஒடச்சவனுக்கு மோர் குடுக்கறாங்க! எனக்குச் சந்தேகம் வராம இருக்குமுங்களா? எலி எதுக்கு அம்மணமா ஓடுதுன்னு ஒக்காந்து பாத்தேன். பேச்சுவாக்குல ரங்கசாமி சொல்றாரு, யாரோ ஒரு வக்கீல் ஆளு ஆஸ்பத்திரிக்கே வந்து, வண்டிக்காரன் மேல கேஸ் போடலாம், நல்ல தொகை வரும்னு சொன்னாராம். இவரு வேண்டாம்னுட்டாராம்.

"எதுக்குங்க வேண்டாம்னீங்க?"ன்னேன்.

"நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்களே"ன்னாரு.

அவ்வளவுதானுங்க. வேற ஒண்ணும் இல்ல. இன்சூரன்ஸ் இல்லன்னு சொல்லாமயே திரும்பி வந்துட்டேன். நானும் அதுக்கப்பறம் ரெண்டு தடவ போயிட்டேன். அடியில ஏதாச்சும் இருக்குமான்னு தட்டிப் பாத்தேன், நோண்டிப் பாத்தேன். எங்கூட்டப் பத்தி விசாரிக்கறாங்களா, தோட்டம் எத்தனைன்னு கேக்கறாங்களா, ஒண்ணும் இல்ல. அந்தம்மா கால நீட்டிப் போட்டுட்டு, "கண்ணு போட்டுருச்சுங்களா?"னு மட்டும் கேட்டுச்சு. காளக்கண்ணுன்னேன். "நல்லதுங்க"ன்னுச்சு. மூஞ்சியில ஒரு சூது இல்லீங்க. பல்லப் புடிச்சுப் பாத்துட்டேன், சுழி பாத்துட்டேன், ஒரு கோளாறும் இல்ல. முப்பது வருசத்துல இப்படி ஒரு ஆளு நான் பாத்ததில்ல. பயமா இருக்குதுங்க எனக்கு. மொகம் தெரியாத எவனுக்கோ எதுக்குக் கட்டணும்னு கேட்டேனே, அந்த எவனோ இந்தம்மாதானுங்க.

போன வாரம் போனப்ப அடுப்புல ஒண்ணும் இல்லீங்க. எனக்கு மோர் குடுக்க முடியாததுக்கு அவரு தல குனிஞ்சு நிக்கறாரு. என்ற வாய் சும்மா இருக்குதா? "ஞாயித்துக்கெழம பொழுதோட இன்சூரன்ஸ் பணம் கையில வந்துரும்ங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஞாயித்துக்கெழமன்னா இன்னிக்குத்தானுங்க.

ஊட்டுக்கு வந்து நடந்ததச் சொன்னேன். பாவாத்தா பக்கத்துல வந்து ஒக்காந்து, "மயிலையக் கண்ணோட ஓட்டீட்டுப் போங்க"ன்னா. இத வளத்தது பாவாத்தாதானுங்க. நானெல்லாம் ஆயரம் மாடு வித்தவன், ஒண்ணுத்து மேலயும் கைய வெச்சுத் தடவுனதில்ல. அவதான் இது காதுல பேசிப் பேசி வளத்தா. அவ வாயிலருந்து அந்த வார்த்தை வந்ததும் எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமுங்களா? இவ எதுக்கு இத்தன லேசாச் சொல்றான்னுதான் தோணுச்சு. அப்பறம் மாடு கட்டற கட்டுத்தாரைப் பக்கம் போய்ப் பாத்தா, மாட்டுக் கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதுட்டு இருக்கா. நான் பாக்காத மாதிரி வந்துட்டேன்.

அதனால இந்தப் பணம் மாட்டுப் பணம் இல்லீங்க. பொழுதோட அவங்க வாசல்ல போய் நின்னு, "இன்சூரன்ஸ் வந்துருச்சுங்க"ன்னு சொல்லிக் குடுக்கப் போறேன். நீங்க நார் மில்லுப் பக்கம் இல்லையில்லீங்க? அங்க போய் ஆருகிட்டயாச்சும் ஒளறி வெச்சுராதீங்க. மாட்ட வித்துக் குடுத்தேன்னு தெரிஞ்சா அவங்க வாங்க மாட்டாங்க.

வெலைய அதனாலதான் எறக்க முடியாதுங்கறேன். இது மாட்டப் பாத்து வெச்ச வெல இல்லீங்க. அந்தம்மா காலு ஊனி மில்லுக்குப் போற வரைக்கும் ஊட்ல அடுப்பெரியணும்ல, அதப் பாத்து வெச்சது. காத்தாலயிருந்து நாலு பேரு வந்தாங்க. நாலு பேர்த்துகிட்டயும் ஒரே வெலதான் சொன்னேன். எழுவது. கடைசியா என்ன சொல்லுங்கறாங்க. இதான் மொதலு, இதான் கடைசின்னேன். ஒருத்தன் மாட்டச் சுத்திச் சுத்தி வந்து நோவு தேடறான். ஒருத்தன், "சென்னியப்பன் வெலைய வெளிய சொல்றான்னா அதுல ஏதோ இருக்குதுப்பா"ன்னு என்ற காது படவே சொல்லிட்டுப் போறான். அந்தச் செவப்புச் சட்டக்காரன், நானும் இன்னொரு தரகனும் கூட்டு சேந்து வெலைய ஏத்தறோம்ங்கறான்! என்ன மனுசங்கங்க இவனுக? ஒருத்தன் ஒரே வெலையா நெசத்தச் சொன்னா நம்பறதுக்குச் சந்தையில ஒருத்தன் இல்லையேங்க!

பொழுது சாயப் போகுது. ரங்கசாமி வாசல்லயே பாத்துட்டு நிப்பாரு.

என்னங்க, துண்ட எடுக்கறீங்க? இத்தன நேரம் தொண்டத் தண்ணி வத்தச் சொன்னேனே, அதெல்லாம் யாவாரப் பேச்சுன்னு நெனச்சுட்டீங்களா? ஏனுங்க... செரி. உங்களயும் குத்தம் சொல்ல முடியாது. நீங்களும் சந்தைக்காரரு.

விரிங்க துண்ட. இந்தாங்க என்ற கை. நீங்க எத்தன புடிக்கறீங்க? அஞ்சா? அம்பதாயரமா? இல்லீங்க. இப்ப நான் புடிக்கறேன், பாத்துக்கோங்க. இந்தா, அஞ்சு வெரலும் சேத்து ஒருக்கா. இந்தா, இன்னும் ரெண்டு. நல்லா அழுத்திப் பாருங்க. கைய இழுக்காதீங்க. வேற வெரலத் தேடாதீங்க.

துண்டுக்குள்ளயும் அதே வெலதானுங்க.